குரலின் கடைமடை

நாடக நடிகர் செங்கோட்டை எஸ்.ஜி. கிட்டப்பா 1933-இல் இறந்தபோது அவருக்கு வயது 27. அதற்குள் தமிழ்நாட்டையும் இலங்கையையும் தன் குரலால் கட்டிப்போட்டுவிட்டார். நாடகக் கொட்டகைகளுக்கு ஒலிபெருக்கி வந்து சேராத காலம் அது. முன்வரிசை சோபாவில் இருந்த மிராசுதாரும், கடைசியில் தரை டிக்கெட் வாங்கி மணலில் உட்கார்ந்தவரும் அதே தொண்டையைத்தான் கேட்டார்கள். கம்பெனி முதலாளியின் செலவுக் கணக்கில் சீன், உடை, ஆர்மோனியம், ரயில் சத்தம் எல்லாம் இருந்திருக்கும். சவுண்ட் என்ற தலைப்பு மட்டும் இருந்திருக்காது. அந்தச் செலவை நடிகரின் நெஞ்சுக்கூடு ஏற்றுக்கொண்டது. உச்ச ஸ்தாயியில் பாடத் தெரியாதவருக்கு அன்று ராஜபார்ட் கிடைக்காததற்கும் காரணம் உண்டு. மனிதக் காது 2,000 முதல் 5,000 ஹெர்ட்ஸ் வரையிலான அதிர்வுகளை மிகக் கூர்மையாகப் பிடிக்கும். மேல் ஸ்தாயிக் குரலின் பலத்தில் கூடுதல் பங்கு அந்த இடத்தை ஒட்டி விழுகிறது. அதே அளவு மூச்சைச் செலவழித்துக் கீழ் ஸ்தாயியில் பாடியவர் பாதிக் கொட்டகையோடு நின்றுபோவார்.

ஒரு குரல் எத்தனை பேருக்கு எட்டும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தவர்களில் பெஞ்சமின் பிராங்கிளினும் ஒருவர். 1739-இல் பிலடெல்பியாவில் ஜார்ஜ் ஒயிட்ஃபீல்டு என்ற போதகர் கோர்ட்டுக் கட்டடப் படியில் நின்று பேசிக்கொண்டிருந்தார். பிராங்கிளின் பேச்சு காதில் விழும் வரை பின்னோக்கி நடந்தார். அந்தத் தூரத்தை ஆரமாக வைத்து அரைவட்டம் போட்டு, தலைக்கு 2 சதுர அடி என்று வகுத்தார். 30,000 பேருக்கு மேல் கேட்கலாம் என்று விடை வந்தது. திருப்பிக் கணக்கிட்டால் அந்த ஆரம் ஏறத்தாழ 200 அடி. இயற்கையான தொண்டைக்கு, அமைதியான தெருவில், அதுதான் எல்லை என்று வைத்துக்கொள்ளலாம்.

அதற்கப்பால் உள்ளவனுக்குக் கேட்க வேண்டும் என்று ஆசைப்பட்ட நாளிலிருந்துதான் செலவு தொடங்குகிறது. நம் நாட்டில் அந்த ஆசையைக் காசாக்கத் தெரிந்த முதல் கெட்டிக்காரர்களில் ஒருவர் சிகாகோ ரேடியோ நிறுவனத்தின் நானிக் மோட்வானே. 1931 கராச்சி காங்கிரஸ் முதல் மாநாடு மாநாடாக ஒலிபெருக்கி கொண்டுபோய்க் கட்டினார். காந்தி, நேரு படங்களைக் கூர்ந்து பார்த்தால் மைக்கின்மேல் சின்னப் பலகையில் அந்த நிறுவனத்தின் பெயர் தெரியும். தேசபக்தி உண்மை, விளம்பரமும் உண்மை. இன்றைக்கு மேடைப் பின்திரையில் நகைக்கடையின் பெயரை அச்சடித்துவிட்டு எல்.இ.டி. திரையின் வாடகையை அவர்கள் தலையில் கட்டுகிற நிர்வாகிகளுக்கு மோட்வானேதான் மூதாதை.

இப்போது குற்றாலத்துக்கு வருவோம். தென்காசி 2019 நவம்பரில் தனி மாவட்டமான பிறகு இங்கே கூட்டங்களும் கூடிவிட்டன. அரசின் சாரல் திருவிழா பழையது. அதோடு டாக்டர்கள் சங்கம், ஆசிரியர் பயிலரங்கு, விதை விற்பனையாளர் சந்திப்பு, கல்லூரிக் கருத்தரங்கு என்று சீசனை உத்தேசித்தே தேதி வைக்கிறார்கள். காலையில் கூட்டம், மாலையில் ஐந்தருவி. அமைப்பாளர் கையில் ஒரு கொட்டேஷன் இருக்கும்: டாப் 4, பேஸ் 4, மிக்சர் 1, கார்டுலெஸ் 4, எல்.இ.டி. வால் 12-க்கு 8, பார் லைட் 16, ஜெனரேட்டர், வண்டி, ஆள்கூலி, ஜி.எஸ்.டி. 18 சதவீதம். அவர் மேலிருந்து கீழே ஒருமுறை படித்துவிட்டுக் கடைசித் தொகையில் பத்து சதவீதம் குறைக்கச் சொல்வார். மைக்செட்காரரும் அதை எதிர்பார்த்துத்தான் போட்டிருப்பார். இரண்டு பேருமே அந்தத் தாளில் எந்த வரி எதற்காக வந்தது என்று பேசிக்கொள்வதில்லை. ரூபாயை இங்கே எழுதினால் அடுத்த முகூர்த்தத்துக்குள் பழசாகிவிடும். விகிதங்கள் மாறாது, அவற்றையே பார்ப்போம்.

முதலில் வாட்ஸ் என்ற மயக்கம். “நம்மகிட்ட பத்தாயிரம் வாட்ஸ் இருக்கு அண்ணாச்சி” என்றால் கேட்பவர் அசந்துபோகிறார். காது வாட்ஸை அப்படியே கேட்பதில்லை. 500 வாட்ஸை 1,000 ஆக்கினால் 3 டெசிபல்தான் கூடும். பக்கத்தில் இருப்பவர் சொன்னால்தான் வித்தியாசமே புரியும். சத்தம் இரண்டு மடங்காகிவிட்டது என்று மனசுக்குப் படவேண்டுமானால் 10 டெசிபல் கூடவேண்டும், அதற்குப் பத்து மடங்கு மின்சாரம் வேண்டும். அந்தக் காலத்துக் கூம்பு ஒலிபெருக்கி 40 வாட்ஸ் ஆம்பிளிஃபயரை வைத்துக்கொண்டு ஊரையே எழுப்பியது எப்படி என்றால், கூம்பின் வடிவமே அதன் மூலதனம். உள்ளே துடிக்கும் சின்னத் தகடு வெளிக்காற்றை நேரடியாகத் தள்ள முயன்றால் பெரும்பாலும் வீண். சிறிது சிறிதாக விரியும் குழாய் வழியாகத் தள்ளும்போது அந்தத் துடிப்பு காற்றோடு நன்றாக இணைந்துகொள்கிறது. ஒரே ஒரு வாட் கொடுத்து ஒரு மீட்டர் தள்ளி அளந்தால் நல்ல கூம்பு 105 டெசிபலைத் தாண்டும்; சாதாரணப் பெட்டி 97 கொடுத்தால் பெரிது. இந்த 8 டெசிபல் இடைவெளியை மின்சாரத்தால் நிரப்ப ஆறு மடங்குக்கு மேல் வாட்ஸ் வேண்டும். கூம்பில் இசை கொடூரமாக இருக்கும், அக்கம்பக்கத்தார் தூக்கமும் போகும். போலீஸ் அனுமதிக் கடிதத்தில் அதைத் தடுத்து ஒரு வரி வழக்கமாக இருப்பது நியாயம்தான். ஆனால் சிக்கனம் என்று பார்த்தால் அதை மிஞ்ச ஆளில்லை.

இரண்டாவது, தூரம். திறந்த வெளியில் தூரம் இரட்டிக்கும் ஒவ்வொரு முறையும் 6 டெசிபல் குறையும். வடகரை போன்ற ஓர் ஊரில் திடலில் கூட்டம் என்று வைத்துக்கொள்வோம். பெட்டியிலிருந்து முன்வரிசை 4 மீட்டர், கடைசி வரிசை 32 மீட்டர். 4, 8, 16, 32: மூன்று இரட்டிப்பு, 18 டெசிபல் போயிற்று. கடைசியில் இருப்பவருக்கு 70 டெசிபல் வேண்டும் என்று மேடையிலிருந்தே தள்ளினால் முன்வரிசைக்கு 88 விழும். முன்வரிசையில்தான் தலைவர், மாவட்ட அதிகாரி, புரவலர்கள். “கொஞ்சம் குறைங்கப்பா” என்று கையைக் காட்டுவார்கள். குறைத்தால் பின்னாலிருந்து “கேக்கல, கேக்கல” என்று குரல் வரும். சரி, பேச்சு கேட்காதவர்கள் என்ன செய்வார்கள்? தங்களுக்குள் பேசத் தொடங்குவார்கள். அந்தச் சத்தத்தை மீற இன்னும் கொஞ்சம் கூட்ட வேண்டும்.

தாமிரபரணிப் பாசனத்தில் பழகியவர்களுக்கு இது புதிதில்லை. தலைமடையில் மதகை எவ்வளவு தூக்கினாலும் கடைமடைக்காரர் வயல் காய்ந்துதான் கிடக்கும். நடுவழியில் உள்ளவர் வயல் அழுகும். திடலிலும் தீர்வு நடுவில்தான் இருக்கிறது. 16 மீட்டரில், ஆள் உயரத்துக்கு மேல் ஸ்டாண்டில், இரண்டு சின்னப் பெட்டி. இப்போது மேடைப் பெட்டிகள் 16 மீட்டர் வரை பேசினால் போதும். அவற்றின் தேவை கால்வாசியாகிவிடும். நடுப்பெட்டிகளுக்கு இன்னொரு கால்வாசி. ஆக மொத்தத்தில் பாதி வாட்ஸ், முன்வரிசைக்கு 6 டெசிபல் நிம்மதி, கடைசி வரிசைக்கு அதே 70.

ஒரு நுணுக்கம் மட்டும் உண்டு. ஒயரில் போகும் மின்சாரம் நடுப்பெட்டியை உடனே எட்டிவிடும். மேடையிலிருந்து வரும் ஒலி நம்மூர் வெப்பத்தில் விநாடிக்கு 348 மீட்டர் வேகத்தில் நடந்துவர, 16 மீட்டருக்கு 46 மில்லி விநாடி ஆகும். இரண்டும் முன்பின்னாக விழுந்தால் சொல் மங்கும். தூரம் இன்னும் கூடினால் ஒவ்வொரு சொல்லும் இரண்டு தடவை கேட்கும். கொடை விழாவில் தெரு நெடுகக் கட்டிய குழாய்கள் எல்லாம் சேர்ந்து ஒரே பாட்டைப் பத்துப் பாட்டாக்குவது இதனால்தான். மிக்சரில் டிலே என்று ஒரு வசதி உண்டு. நடுப்பெட்டிக்குப் போகும் ஒலியை 46-ஓடு இன்னும் பத்துப் பதினைந்து மில்லி விநாடி பிடித்துவைத்து அனுப்பினால், பின்வரிசைக்காரருக்கு அருகில் இருக்கும் பெட்டியிலிருந்து சத்தம் வருவதாகவே தோன்றாது. மேடையில் நிற்பவர் வாயிலிருந்தே வருவதாகத் தோன்றும். முதலில் எட்டும் ஒலி எந்தத் திசையோ அந்தத் திசையைத்தான் மூளை நம்பும் என்று ஜெர்மனியில் ஹெல்முட் ஹாஸ் 1949-இல் தன் ஆய்வேட்டில் காட்டினார். இன்றைய டிஜிட்டல் மிக்சரில் இது ஒரு பொத்தான். வாடகையில் ஏற்கெனவே அடங்கியது. கேட்பவர்தான் இல்லை.

மண்டபத்துக்குள் போனால் கதை மாறுகிறது. தென்காசிப் பக்கம் புதிதாக எழுந்த கல்யாண மண்டபங்களில் தரை கிரானைட், சுவர் டைல்ஸ் அல்லது எனாமல், மேலே கான்கிரீட். பார்க்கப் பளபளப்பு, காதுக்குப் பகை. 30 மீட்டர் நீளம், 18 அகலம், 6 உயரம் உள்ள ஒரு மண்டபத்தில், மேற்பரப்பு எல்லாம் தன்மேல் விழும் ஒலியில் 5 சதவீதத்தை விழுங்குவதாகக் கணக்கிட்டால், ஒரு கைதட்டல் முழுதாக அடங்க 6 விநாடிக்கு மேல் ஆகும். மேடையில் பேசுகிறவர் விநாடிக்கு ஐந்தாறு அசை உதிர்க்கிறார். முதல் அசை அடங்குவதற்குள் முப்பது அசை அதன்மேல் ஏறி மிதிக்கிறது.

இந்தக் கணக்கைத் தந்தவர் வாலஸ் சபைன். 1895-இல் ஹார்வர்டில் புதிதாகக் கட்டிய ஒரு விரிவுரைக் கூடத்தில் பேச்சே புரியவில்லை என்று புகார். இளம் இயற்பியல் ஆசிரியரான சபைனிடம் சரிசெய்யச் சொன்னார்கள். அவர் பக்கத்து நாடக அரங்கிலிருந்து இருக்கை மெத்தைகளை இரவில் ஆள்வைத்துத் தூக்கிவருவார். ஓர் ஆர்கன் குழாயை ஊதி நிறுத்தி, ஒலி அடங்கும் நேரத்தை அளப்பார். இன்னும் சில மெத்தை, மறுபடி அளவு. விடிவதற்குள் மெத்தைகள் திரும்பப் போய்விட வேண்டும். இப்படிப் பல இரவுகள். முடிவில் கிடைத்தது மிக எளிய சூத்திரம்: அறையின் கன அளவை, அதிலுள்ள பொருள்கள் விழுங்கும் அளவால் வகுத்து ஒரு மாறிலியால் பெருக்கினால் முழக்க நேரம். ஒலியை விழுங்குவதில் உடுத்தி உட்கார்ந்த மனிதனை மிஞ்ச எளிதில் முடியாது என்பதையும் அவர் அளந்து காட்டினார்.

அதே விஷயத்தைத் தென்காசியில் வேறு பாஷையில் கேட்கலாம். கூட்டத்துக்கு முந்தின மாலை, காலி மண்டபம். செட்டுக்காரப் பையன் மேடையில் நின்று “ஹலோ, செக், ஒன் டூ த்ரீ” என்கிறான். மண்டபம் அதை உருட்டி உருட்டித் திருப்பித் தருகிறது. அமைப்பாளர் முகம் வெளிறுகிறது. இன்னும் இரண்டு பெட்டி வைக்கலாமா என்கிறார். ஆபரேட்டர் கடைசி வரிசை வரை நடந்துபோய், ஒருமுறை கையைத் தட்டி, தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டு வருகிறார். “வேண்டாம் அண்ணாச்சி. நாளைக்கு ஆளு வந்து உக்காந்தா சரியாப் போயிரும்.” அவர் சொல்வது சபைன் கணக்கு. அந்த மண்டபத்தில் 500 பேர் உட்கார்ந்தால் 6 விநாடி என்பது 1.7-க்கு இறங்கிவிடும். பெட்டியைக் கூட்டியிருந்தால் முழக்கமும் சேர்ந்து கூடியிருக்கும்; புரிவது கூடியிருக்காது.

ஆனால் ஆள் வராவிட்டால்? 500 பேர் மண்டபத்தைச் சும்மா கிடைக்கிறது என்று பிடித்து அதில் 100 பேர் பயிலரங்கு நடத்தினால் முழக்கம் 4 விநாடியில் நிற்கும். அதே 100 பேரை 15 மீட்டருக்கு 10 மீட்டர், 4 மீட்டர் உயரமுள்ள அறையில் உட்கார வைத்தால் 1.4 விநாடிதான். எந்த மைக்செட்டாலும் வாங்க முடியாத தெளிவை அறையின் அளவு இலவசமாகத் தருகிறது. பெரிய மண்டபத்தை விட முடியாது என்றால், உத்தரத்திலும் மேல்தளத்திலும் ஒலியை அடிக்காமல் ஆள்கள் தலையை மட்டும் குறிவைக்கும் பெட்டி வேண்டும். நெட்டுக்குத்தாகப் பல ஸ்பீக்கரை அடுக்கிய காலம் ஸ்பீக்கர் அதைத்தான் செய்கிறது. லைன் அரே என்ற பெயரில் சங்கிலியாகத் தொங்குவதும் அதன் பேரப்பிள்ளைதான். மேலும் கீழும் சிதறாமல் பக்கவாட்டில் மட்டும் விரியும். ஆனால் 500 பேர் கருத்தரங்குக்கு லைன் அரே கேட்பது வீண் ஜம்பம். ஒரு ஜோடி காலம் போதும்.

பேஸ் பெட்டி என்னும் சப் ஊஃபரும் அப்படித்தான். மனிதப் பேச்சில் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே சரக்கே கிடையாது. வண்டியில் அதிக இடம், தூக்க நான்கு ஆள், ஆம்பிளிஃபயரில் பெரும்பங்கு மின்சாரம் எல்லாம் அதற்குத்தான் போகும். வில்லுப்பாட்டு என்றால் குடத்தின் அடிநாதத்துக்கு அது வேண்டும், மறுக்கவில்லை. பயிர்க் காப்பீடு பற்றிய உரைக்கு எதற்கு?

குற்றாலத்துக்கே உரிய ஒரு செலவு உண்டு: காற்று. ஜூன் பிறந்தால் ஆரியங்காவுக் கணவாய் வழியாக மேல்காற்று புகுந்து தென்காசிக் கோபுர வாசலில் ஆளைத் தள்ளும். சுரண்டைப் பக்கத்துக் காற்றாலைகள் அதை நம்பி நிற்கின்றன. திறந்த வெளியில் கூட்டம் நடத்துகிறவர்கள் “காத்து சத்தத்தை அடிச்சிட்டுப் போயிருது” என்பார்கள். அப்படிப் போக முடியாது. பலமான காற்றும் விநாடிக்கு 10 மீட்டர்தான். ஒலியின் வேகத்தில் 3 சதவீதம். நடப்பது வேறு. தரையை உரசும் காற்று மெதுவாகவும் மேலே போகப்போக வேகமாகவும் ஓடுகிறது. காற்றை எதிர்த்துப் போகும் ஒலியலையின் மேல்பகுதி அதிகம் தடைப்பட்டுப் பின்தங்க, அலை முழுவதும் வானத்தை நோக்கி வளைந்துவிடும். தரையில் இருப்பவர்களுக்கு ஒலி நிழல். காற்றோடு போகும் ஒலி கீழ்நோக்கி வளைந்து நெடுந்தூரம் எட்டும். 1857-இல் ஸ்டோக்ஸ் இதை யோசித்துச் சொன்னார். 1874-இல் ஆஸ்போர்ன் ரேனால்ட்ஸ் வயல்வெளியில் மணியை அடித்துச் சோதித்துப் பார்த்தார். மார்கழி விடியலில் தொலைதூரக் கோயில் பாட்டு பக்கத்து வீட்டில் கேட்பதுபோலத் தெளிவாக வருவதும் இதே குடும்பம்தான். அங்கே தரையோரக் குளிர்காற்று ஒலியைக் கீழே வளைக்கிறது.

இதிலிருந்து வடகரை, பண்பொழி, செங்கோட்டை வட்டாரத்தில் சீசனில் மேடை போடுகிறவருக்கு ஒரு பைசா செலவில்லாத லாபம் உண்டு. மேடை மேற்கே மலைப்பக்கம், ஜனம் கிழக்கே. மாற்றிப் போட்டவர் கூடுதல் பெட்டிக்கு வாடகை கட்டியே தீரவேண்டும். மாலை வெயில் ஜனத்தின் கண்ணில் அடிக்குமே என்றால், சாரல் காலத்தில் வெயிலுக்கு எங்கே போவது!

அருவிக்கு அருகே நிகழ்ச்சி என்றால் இன்னொரு தொல்லை. அருவியின் இரைச்சலில் எல்லா அதிர்வெண்ணும் கலந்திருக்கும். அது உயிரொலிகளை விட்டுவிட்டு மெய்யொலிகளைத் தின்னும். கடை, படை, தடை, சடை எல்லாம் ஒன்றாகிவிடும். “அடை” மட்டும் மிஞ்சும். மெய்யெழுத்துகளை அடையாளம் காட்டும் மெல்லிய வெடிப்பும் உரசலும் பெரும்பாலும் 2,000 ஹெர்ட்ஸுக்கு மேலே, மிகக் குறைந்த பலத்தோடு வருகின்றன. அங்கே மொத்தச் சத்தத்தையும் கூட்டுவதைவிட, மிக்சரில் அடிக்கனத்தைக் குறைத்து மேல்பகுதியைக் கொஞ்சம் தூக்கினால் பேச்சு தலைநிமிரும்.

மைக்குக்கும் வாய்க்கும் நடுவிலுள்ள இடைவெளிதான் உலகிலேயே மலிவான ஆம்பிளிஃபயர். 40 சென்டிமீட்டர் தள்ளி நின்றவர் 10 சென்டிமீட்டருக்கு வந்தால் 12 டெசிபல் லாபம், அதாவது பதினாறு மடங்கு வாட்ஸ். நம் பேச்சாளர்களில் பாதிப்பேர் மைக்கை ஏதோ கடிக்கிற பிராணிபோல ஒதுக்கி வைத்துவிட்டுப் பேசுவார்கள். ஆபரேட்டர் கூட்டுவார், “கூ…” என்று விசில் கிளம்பும். பெட்டியின் ஒலி மைக்கில் புகுந்து மறுபடி பெட்டிக்குப் போய்ச் சுற்றுகிற சுழல் அது. மேடையில் திறந்திருக்கும் மைக் இரட்டிக்கும் ஒவ்வொரு முறையும் விசிலுக்கு 3 டெசிபல் நெருங்கிவிடுகிறோம். எட்டு பிரமுகர்களுக்கு எட்டு மைக் என்பது மரியாதை. எட்டையும் திறந்தே வைப்பது அபாயம். டி.கே. சிதம்பரநாத முதலியாரின் வட்டத்தொட்டி என்ற இலக்கிய அவை நினைவுக்கு வருகிறது. நெல்லையிலும் பிறகு குற்றாலத்திலும் அவர் வீட்டில் கூடி ரசித்தவர்களுக்கு மைக் தேவைப்பட்டதில்லை. வட்டமாக உட்கார்ந்தால் கடைசி வரிசை என்று ஒன்று உருவாகாது. முப்பது பேர் குழுவுக்கு இன்றும் அதுவே சிறந்த ஏற்பாடு. வரிசை நாற்காலியும் மேடையும் வந்தால்தான் பில் வரும்.

காட்சிப் பக்கம் வருவோம். எல்.இ.டி. வாலில் பி2, பி3, பி4 என்பார்கள். ஒரு புள்ளிக்கும் அடுத்த புள்ளிக்கும் உள்ள இடைவெளி மில்லிமீட்டரில். பி4 என்றால் ஒரு சதுர மீட்டரில் 62,500 புள்ளி, பி3 என்றால் 1,11,111, பி2 என்றால் 2,50,000. வாடகையும் அதற்கேற்ப ஏறும். நல்ல கண்ணாலும் ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்குக்குக் குறைவான இடைவெளியைப் பிரித்துப் பார்க்க முடியாது. 3 மில்லிமீட்டர் இடைவெளி அந்த எல்லையைத் தொடுவது பத்து மீட்டரில். 4 மில்லிமீட்டர் பதினான்கில். மேடைக்குப் பின்னால் திரை, மேடை ஆழம் ஐந்தாறு மீட்டர், முன்வரிசை இன்னும் நாலைந்து மீட்டர் தள்ளி என்றால் பி3-க்கும் பி2-க்கும் வித்தியாசம் காண ஆளே இல்லை. செல்போனைத் தூக்கி ஜூம் போடுகிறவரைத் தவிர.

அளவிலும் கவனம் வேண்டும். 12-க்கு 8 என்றால் 96 சதுர அடி. 16-க்கு 10 என்றால் 160. ஒவ்வொரு பக்கமும் கொஞ்சம்தான் கூடியதுபோல இருக்கும், பில் மூன்றில் இரண்டு பங்கு ஏறிவிடும். பெரிசாகக் கேட்பதற்குக் காரணம் “பின்னால எழுத்து தெரியல” என்ற புகார். 30 மீட்டரில் சிரமமில்லாமல் படிக்க எழுத்து 25 சென்டிமீட்டர் உயரம் வேண்டும். 8 அடித் திரையில் இடைவெளி விட்டு ஆறு வரி வரும். பேராசிரியர் இருபது வரி போட்டால் அதற்குத் திரை என்ன செய்யும்? வரியைக் குறைக்கக் காசு வேண்டாம்.

அறைக்குள், பகலில், எல்.இ.டி. வேண்டுமா என்பதே கேள்வி. 3,500 லூமென் புரொஜெக்டர் 8-க்கு 6 அடித் திரையில் 785 லக்ஸ் வெளிச்சம் போடும். ஜன்னல் திறந்த மண்டபத்தில் திரைமேல் ஏற்கெனவே 400 லக்ஸ் விழுந்தால், வெள்ளைக்கும் கறுப்புக்கும் உள்ள விகிதம் மூன்றுக்கு ஒன்று, படம் பல்லிளிக்கும். புரொஜெக்டரால் கறுப்பை அடிக்க முடியாது, அறையின் இருட்டுதான் அதன் கறுப்பு. கனத்த திரைச்சீலை போட்டு அதை 20 லக்ஸுக்கு இறக்கினால் விகிதம் நாற்பதுக்கு ஒன்று. அதே திரைச்சீலை முழக்கத்தையும் கொஞ்சம் விழுங்கும். வெளியில் என்றால் எல்.இ.டி.தான், வேறு வழியில்லை. சாரலுக்குத் தாங்கும் வெளிப்புறப் பேனல் என்று கேட்டு வாங்க வேண்டும். உள்ளரங்குப் பேனலைப் பாலித்தீன் போட்டு மூடிச் சமாளிக்கிறேன் என்பவரிடம் ஜாக்கிரதை.

ஜெனரேட்டரின் அளவை ஒரு காலத்தில் விளக்குகள் தீர்மானித்தன. பழைய 1,000 வாட்ஸ் பார் விளக்கு பதினாறு என்றால் 16 கிலோவாட். இப்போதைய எல்.இ.டி. பாரில் அது மூன்றைத் தாண்டாது. ஆனால் ஜெனரேட்டர் மட்டும் பழைய வழக்கத்தில் அதே பெரிய வண்டியாக வந்து நிற்கிறது. ஓடினாலும் சும்மா நின்றாலும் வாடகை. ஓடினால் லிட்டர் டீசலுக்கு மூன்று யூனிட் சொச்சம். 4,000 வாட்ஸ் செட் என்றாலும் பேச்சுக்குச் சராசரியாக எடுப்பது அதில் எட்டில் ஒரு பங்குதான். எல்லாக் கருவியின் மின்தேவையையும் கூட்டி எழுதித் தரச் சொன்னால் பாதி இடங்களில் ஒரு சைஸ் குறையும்.

நாள் பார்ப்பதிலும் இந்த வட்டாரத்துக்கென்று ஒரு சூட்சுமம் இருக்கிறது. சாரல் உச்சத்தில் இருக்கும்போதே ஆடி வந்துவிடும். ஆடியில் கல்யாணம் இல்லை, மண்டபம் காலி, வாடகை பேசலாம். ஆனால் அதே ஆடியில் அம்மன் கோயில் கொடைகள். செவ்வாய்க்கிழமையை ஒட்டி மைக்செட்டும் சீரியல் லைட்டும் ஊருக்கு ஊர் போய்விடும். சங்கரன்கோவில் ஆடித்தபசு வேறு. அன்றைக்குக் கருத்தரங்கு வைத்தால், உள்ளூரில் இல்லாத செட் நெல்லையிலிருந்தோ மதுரையிலிருந்தோ வரும். வண்டி வாடகையும் ஆள்களின் தங்கலும் பில்லில் ஏறும். வாரக்கடைசியை விட்டுவிட்டு, கொடை முடிந்து செட் திரும்பியதும் வியாழனில் வைத்துப் பாருங்கள்.

இரவு 10 மணி என்பதும் ஒரு செலவுக் கோடு. 2000-ஆம் ஆண்டு ஒலிமாசு விதிகளின்படி அதற்குப் பிறகு காலை 6 வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாது. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றத்தைச் சுற்றி 100 மீட்டரை அமைதி மண்டலமாக அறிவிக்கலாம். வரவேற்புரையில் ஒரு மணி நேரத்தைத் தின்றுவிட்டுக் கலைநிகழ்ச்சியைப் பத்தேகாலுக்குத் தொடங்கினால், வாடகை கொடுத்துக் கொண்டுவந்த அத்தனையும் மேடையில் கிடக்க, பாட்டுக்காரர் சும்மா திரும்புவார்.

கடைசியாக, சமீபத்தில் பில்லில் நுழைந்த ஒரு வரி: யூடியூப் நேரலை. இதனால் கடைசி வரிசை துபாய்க்கும் சிங்கப்பூருக்கும் நகர்ந்துவிட்டது. அங்கே உட்கார்ந்து கேட்பவர் காதில் விழுவது எது என்று அமைப்பாளர்கள் யோசிப்பதில்லை. மூன்று கேமரா, டிரோன், எல்லாம் பேசுவார்கள்; கேமராவின் சொந்த மைக்கில் ஒலி பிடிப்பார்கள். மண்டபத்தின் முழக்கம், ஃபேன் சத்தம், பின்னால் பாத்திரம் கழுவுகிற சத்தம் எல்லாம் அதில் வரும். பேச்சு மட்டும் வராது. மிக்சரிலிருந்து கேமராவுக்கு ஒரு ஒயர் இழுத்தால் தீர்ந்தது, அதற்கு யாரும் தனியாகக் காசு கேட்கமாட்டார்கள். இணையத்துக்குச் செல்போன் சிம்மை நம்புவதும் சீசனில் ஆகாது. ஞாயிற்றுக்கிழமை குற்றாலத்தில் உள்ள அத்தனை டவரையும் அருவியில் நின்று செல்பி அனுப்புகிற கூட்டம் பிடித்து வைத்திருக்கும். தெளிவான நேரலைக்கு விநாடிக்கு ஐந்தாறு மெகாபிட் மேலேறிக்கொண்டே இருக்க வேண்டும். மண்டபத்தில் ஃபைபர் இணைப்பு உண்டா, அது மேடை வரை வருமா என்று அட்வான்ஸ் கொடுக்கும் அன்றே கேட்டு, ஒரு லேப்டாப்பில் வேகத்தைப் பார்த்துவிட்டு வந்துவிடுவது நல்லது.